கொம்பனிக் குளிசை

யாழ்ப்பாணத்துக் குருநகரில் எங்கள் ஒழுங்கையால் போகிற எவரும் உடுப்புக்கொடியைப் பார்த்தே என் அக்காவின் வீட்டை அடையாளம் சொல்லலாம். படுக்கை விரிப்புகளும் நல்ல துவாய்களும் தெருப்பக்கம் தொங்கும். கிழிந்தவையும் சாயம் போனவையும் அவற்றுக்குப் பின்னால் மறைந்திருக்கும். வெயில் படாததால் அவை ஈரமாகவே கிடந்து மணக்கும். "மணந்தால் என்ன, சனம் பார்க்கப்படாது" என்பாள்.

அவள் பெயர் ஜெசிதா. என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். எங்கள் வீட்டில் கம்பஸுக்குப் போன முதல் ஆள் நான். என்னைப் போகவைத்தவள் அவள். அவள் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். கடலுக்குப் போகிற பிரகாஸ் அத்தானைக் கட்டி, ஏழு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, பிறகு ஜெனோஷாவைப் பெற்றாள். வேறு பிள்ளைகள் இல்லை.

ஜெனோஷா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அக்கா நண்டுக் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவித்த நண்டை உடைத்து, ஓட்டுத் தும்பு ஒன்றும் கலக்காமல் சதையை எடுக்கிற வேலை. குளிரான மண்டபத்தில் காலையிலிருந்து பின்னேரம்வரை நின்றபடி செய்யவேண்டும். விரல் நோ, இடுப்பு நோ, கால் நோ என்று ஏதாவது ஒன்று இல்லாத பெண் அங்கே இல்லை. அதற்கு அவர்களிடம் ஒரு வழி இருந்தது. சின்னச் செம்மஞ்சள் நிறக் குளிசை. ஒருத்தி பார்மசியில் ஒரு அட்டை வாங்கினால் அது கைக்குக் கை போகும். எந்த நோவையும் அரை மணித்தியாலத்தில் அமர்த்திவிடும். அதன் உண்மையான பெயர் ஒருவருக்கும் வாயில் வராது. 'கொம்பனிக் குளிசை' என்றுதான் சொல்வார்கள். அக்காவின் கைப்பையில் செபமாலையோடு அதுவும் எப்போதும் இருந்தது.

அக்காவுடைய முதல்நன்மையைப் பற்றியும் சொல்லவேண்டும். கத்தோலிக்கப் பிள்ளைகள் நற்கருணையை முதன்முதலாக வாங்குகிற நாள் அது. குருநகரில் அது ஒரு சின்னக் கலியாண வீடு. வெள்ளைச் சட்டை, தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி, படப்பிடிப்பு, சாப்பாடு எல்லாம் இருக்கும். ஆனால் அக்காவுக்கு அது தென்மராட்சியில், போரால் இடம்பெயர்ந்திருந்த காலத்தில், ஓர் ஓலைக் கொட்டிலில் நடந்தது. வேறொரு பிள்ளையின் சட்டையைப் போட்டு, முதுகுப் பக்கத்தில் ஊசி குத்தி இறுக்கியிருந்தார்கள். பீடத்துக்குப் போகிற வழியில் ஊசி கழன்றுவிட்டது. சட்டை தோளால் வழுகியது. பின்னால் நின்ற பெடியங்கள் சிரித்தார்கள். இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்தபடி வாயைத் திறந்து நன்மையை வாங்கினாளாம். நான் அப்போது பிறக்கவில்லை. ஆனால் இந்தக் கதையை நேரில் பார்த்ததுபோல் அறிவேன், ஏனென்றால் ஜெனோஷாவுக்குச் சட்டை தைக்கக் கொடுத்த நாளிலிருந்து அக்கா இதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "என்ரை பிள்ளை நிமிர்ந்து போகவேணும். ஒருதரும் சிரிக்கப்படாது."

ஜெனோஷாவின் முதல்நன்மை ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வியாழன் பின்னேரம் அத்தான் கரையில் வலை தட்டிக்கொண்டிருக்க, பிள்ளை வெறுங்காலுடன் ஓடிப்போய் ஓரா மீன் ஒன்றை மிதித்துவிட்டாள். ஓராவின் முதுகு முள்ளில் நஞ்சு இருக்கிறது. குத்தினால் உயிர் போகிறமாதிரி நோகும். ஆனால் சுடுதண்ணீரில் காலை வைத்திருந்தால் தணிந்துவிடும். எங்கள் ஊரில் ஓரா குத்தாத கால் இல்லை. அதற்கென்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவனை 'பவுண் கால்காரன்' என்று பகிடி பண்ணுவார்கள். அக்காவும் சுடுதண்ணீர் வைத்தாள். நோ தணிந்தது. ஆனால் சனிக்கிழமை குதிக்கால் வீங்கி மினுமினுத்தது. சிவப்பு கணுக்காலுக்கு மேலே ஏறியது. பின்னேரம் காய்ச்சல் வந்தது.

"ஒருக்கா ஆஸ்பத்திரியிலை காட்டுவமே?" என்று அத்தான் கேட்டார்.

"ஓரா முள்ளுக்கோ? உங்களுக்குப் பயித்தியமே?"

"காய்ச்சலும் காயுதெல்லே."

"இப்ப கொண்டுபோனால் வாட்டிலை மறிச்சுப்போடுவினம். நாளைக்குக் கோயிலுக்கு ஆர் போறது? நீங்களோ சட்டையைப் போட்டுக்கொண்டு போகப்போறியள்?"

அத்தான் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பிறகு அவர் எவ்வளவோ தரம் நினைத்திருப்பார்.

இன்னொன்றும் இருந்தது. நன்மைக்கு முன் ஒரு மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தால் போதும், தண்ணீரும் மருந்தும் எப்போதும் எடுக்கலாம் என்பதுதான் இப்போதைய திருச்சபையின் ஒழுங்கு. மறைக்கல்வி சிஸ்டரும் பிள்ளைகளுக்கு அதைத்தான் படிப்பித்திருந்தார். அக்காவின் வீட்டில் பழைய ஒழுங்கு. முதல்நாள் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத்தண்ணீரும் நாக்கில் படக்கூடாது. பிள்ளை காய்ச்சலில் இராச்சாப்பாடும் தின்னவில்லை.

ஞாயிறு காலையில் சப்பாத்து காலுக்குள் போகவில்லை. வெள்ளைச் சப்பாத்து, உள்ளே வெள்ளைக் கால்மேசு. பிள்ளை கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா கைப்பையைத் திறந்து ஒரு கொம்பனிக் குளிசையை எடுத்து, பாதியாக உடைத்து, யோசித்துவிட்டு மற்றப் பாதியையும் கொடுத்தாள். விழுங்க ஒரு வாய் தண்ணீர். அந்த ஒரு வாய்த் தண்ணீருக்காக மட்டும் அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். உபவாசம் முறிந்துவிட்டதே என்பதுதான் அன்று அவளுக்கிருந்த ஒரே பயம்.

குளிசை வேலை செய்தது. ஜெனோஷா நொண்டாமல் நடந்தாள். அத்தானின் அக்கா றஜிதா, வாய் சும்மா இருக்காதவர், "பாரன், கோயிலையே விலைக்கு வாங்கினவள் மாதிரி வாறாள்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம். அந்தச் சொல் அக்காவுக்குப் போதுமாக இருந்தது.

கோயிலால் திரும்பியபோது வீட்டில் சனம் நிறைந்திருந்தது. பிள்ளை கதிரையில் இருந்தபடி சத்தி எடுத்தாள். வெறுவயிறு, கூட்டம், வெக்கை என்றார்கள். கேக் வெட்டப் படம் எடுக்கவேண்டும் என்று அக்கா மறைவில் இன்னொரு குளிசை கொடுத்தாள். பின்னேரம் பிள்ளை படுத்தவள் எழும்பவில்லை. சட்டையைக் கழற்றினார்கள். இடக்கால் மேசு மட்டும் காயத்தோடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்தால் அலறினாள், அப்படியே விட்டார்கள். திங்கள் காலையில் அவளின் கை கால் குளிர்ந்திருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து வேறெங்கோ பார்த்தாள். முதல்நாள் கோயிலுக்குப் போனதிலிருந்து அவள் சிறுநீர் கழிக்கவில்லை என்பதை அப்போதுதான் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். அத்தான் தூக்கிக்கொண்டு ஓட்டோவுக்கு ஓடினார்.

பெரியாஸ்பத்திரியில் நேர்ஸ் காயத்தோடு ஒட்டிய அந்தக் கால்மேசைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

முதல்நன்மைக்கும் நிற்க முடியாமல் நான் கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போயிருந்தேன். செய்தி கேட்டு அன்றே ரயிலேறி, இரவு வந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாட் வாசலில் றஜிதா மச்சாள் என்னைக் கண்டதும் எல்லோரையும் விலக்கினார்.

"விடுங்கோ, படிச்சவள் வந்திட்டாள். எடி, டொக்டர் ஏதோ இங்கிலிசிலை சொல்லுறா. போய்க் கேளடி."

"நான் படிச்சது புவியியல், மச்சாள்."

"என்ன இயலெண்டாலும் கம்பஸிலைதானே படிச்சது. போ."

டொக்டர் பத்மாசினி இங்கிலிசில் சொல்லவில்லை. எனக்குச் சொன்னதுபோல அவர்களுக்கும் நல்ல தமிழில்தான் சொல்லியிருப்பார். பயத்தில் ஒருவருக்கும் அது தமிழாகக் கேட்கவில்லை. காலில் இருந்த கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. அதனால் இரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீரகங்களுக்குப் போதிய இரத்தம் போகவில்லை. இரண்டும் வேலையைக் குறைத்துவிட்டன. கிருமிக்கு மருந்து ஏறுகிறது, காலைத் திறந்து சீழை எடுக்கப்போகிறோம். அழுத்தம் சரியாக வந்தால் சிறுநீரகங்களும் திரும்பக்கூடும். நான் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்தது மழைவீழ்ச்சிப் படமும் மண் வகைகளும். ஆனால் பின்னால் நிற்கிறவர்களுக்காகத் தலையாட்டவேண்டியிருந்தது.

பிறகு டொக்டர் அக்காவிடம் கேட்டார். "வீட்டை என்ன மருந்து குடுத்தனீங்கள்?"

அக்காவின் ஒரு பக்கத்தில் றஜிதா மச்சாள். மறுபக்கக் கட்டிலில் உரும்பிராயிலிருந்து வந்த கஜந்தினி என்ற பெண், மடியில் கைக்குழந்தை, காது இங்கே.

"பனடோல் மட்டும்தான் டொக்டர்."

"நோவுக்கு வேறை ஒண்டும்?"

"இல்லை."

"காய்ச்சல் எப்ப தொடங்கினது?"

"நேற்று."

அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார். சனிக்கிழமைக் காய்ச்சலைச் சொல்லித் திருத்தாமல் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டார். முதல்நன்மைக்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தது வெளியில் தெரிவது அவருக்கும் வெட்கமாக இருந்திருக்கும். குளிசை பற்றி அவருக்குத் தெரியாது.

அக்கா ஏன் மறைத்தாள் என்று பிறகு கேட்டபோது சொன்னாள்: "கிருமிதானே எண்டு சொல்லிச்சினம். கிருமிக்கு மருந்து போகுது. நான் குளிசை குடுத்ததைச் சொன்னால் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை, எனக்குத்தான் வெட்கம் எண்டு நினைச்சன்." எனக்கும் ஒரு பிள்ளை இருந்து, அந்த வாட்டில் அத்தனை காதுகளுக்கு நடுவில் அதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். உடனே ஒரு நல்ல பதில் வருகிறது. அந்த வேகத்தாலேயே அதை நம்ப முடியவில்லை.

காலைத் திறந்து சீழ் எடுத்த பிறகு நோ கூடியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தை மீறிப் பிள்ளை அனுங்கினாள். அனுங்கல் அழுகையாகும்போது மற்றத் தாய்மார் திரும்பிப் பார்ப்பார்கள்.

"அம்மா, அண்டைக்குத் தந்ததைத் தாங்கோ. கொம்பனிக் குளிசை."

"உஸ், கத்தாதை."

அவள் கொடுத்தாள். திரையை இழுத்துவிட்டு, பாதி, நாக்கு நனைகிற அளவு தண்ணீரோடு. பிள்ளை அமைதியானாள். அடுத்த நாளும் கொடுத்தாள். நோவில்லாமல் பிள்ளை தூங்குவதைப் பார்த்து, தானும் ஒரு நல்லது செய்வதாக நினைத்தாள்.

புதன்கிழமை டொக்டர் பத்மாசினி இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துக்கொண்டு கட்டிலருகில் நெடுநேரம் நின்றார். "காய்ச்சல் விட்டிருக்கு. அழுத்தம் சரியா வந்திட்டுது. கால் ஆறத் தொடங்கியிருக்கு. இந்த நேரம் சிறுநீரகமும் கொஞ்சம் திரும்பவேணும். இது இன்னும் இறங்கிக்கொண்டு போகுது. ஏனெண்டு எனக்கு விளங்கேல்லை."

கட்டிலில் தொங்கிய பையில் கடும் சாயத் தேநீர் போல ஒரு வாய் அளவு சிறுநீர்தான் இருந்தது. பிள்ளையின் கண்மடல்கள் வீங்கியிருந்தன.

"நாளைக்கும் இப்பிடியெண்டால் ரத்தத்தைச் சுத்தம் பண்ணவேண்டி வரும். அதுக்குப் பிறகும் திரும்பாட்டில் கொழும்புக்கு அனுப்புறதைப் பற்றி யோசிக்கவேணும்" என்றார். போகும்போது நின்று மீண்டும் கேட்டார். "அம்மா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. வேறை மருந்து, நாட்டுமருந்து, ஒண்டும் குடுக்கேல்லையோ?"

"மாதா சத்தியமா இல்லை டொக்டர்."

அன்று பின்னேரம் நான் கைத்தொலைபேசியில் தேடி வாசித்துக்கொண்டிருந்தேன். பாதி விளங்கியது. நோ மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்ற வரி விளங்கியது. தண்ணீர்ப் பைப்படியில் தனியாக நின்ற அக்காவிடம் போனேன்.

"அக்கா, நோவுக்கு நீ போடுற குளிசை ஏதும் அவளுக்கு…"

அவள் முகம் சிவந்தது. "நீயும் கேள். நல்லாக் கேள். கம்பஸுக்கு அனுப்பினது என்னைப் பொலிஸ் மாதிரி விசாரிக்கத்தானே? பெத்தவளுக்குத் தெரியாதோ தன்ரை பிள்ளைக்கு என்ன குடுக்கிறதெண்டு?"

கேட்டதற்காக நான் வெட்கப்பட்டேன். மன்னிப்புக்கூடக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து, "சரி, விடு" என்றாள். அவளின் கை ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது. கொம்பனிக் குளிர் கையில் ஊறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழன் காலை ஃபாதர் கிறிஸ்துநாயகம் வந்தார். நோயாளிகளுக்கு நன்மை கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்தான். ஜெனோஷாவுக்கு இது இரண்டாவது நன்மை என்று கட்டிலருகில் வந்து பகிடியாகச் சொன்னார். "என்ன பெரிய ஆளே, முதல்நன்மைக்குக் கோயிலுக்கு நீர் வந்தனீர். இண்டைக்குக் கோயில் உம்மட்டை வந்திருக்கு."

பிள்ளை சிரித்தாள். உதடு வெடித்திருந்தது. ஃபாதர் ஒரு சின்னத் துண்டை உடைத்து அவள் நாக்கில் வைத்தார். பிறகு அத்தான், றஜிதா மச்சாள், நான். அடுத்தது அக்கா.

அவள் தலையை ஆட்டினாள், வேண்டாமென்று.

எங்கள் ஆட்களுக்கு அதன் அர்த்தத்தை ஒருவரும் விளக்கத் தேவையில்லை. ஒரு பெரிய பாவத்தை மனதில் வைத்துக்கொண்டு நன்மை எடுக்கக்கூடாது. எடுக்காமல் விட்டால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனாலேயே பலர் எடுத்துவிடுவார்கள். வெளியில் எது தெரியும் என்று வாழ்நாள் முழுதும் பார்த்துப் பார்த்து நடந்த என் அக்கா, அந்த இடத்தில், அத்தனைபேர் முன்னால், தலையாட்டினாள். ஃபாதர் அவள் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு அடுத்த வாட்டுக்குப் போனார்.

"அம்மா ஏன் நன்மை எடுக்கேல்லை?" என்று பிள்ளை கேட்டாள். நோயில் கம்மிய குரல்தான், ஆனால் வாட் முழுக்கக் கேட்டது.

றஜிதா மச்சாள் அக்காவை வெளி விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். நானும் அத்தானும் பின்னால் போனோம்.

"என்னடி செய்துபோட்டு நிக்கிறாய்?"

அக்கா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"கொம்பனிக்குப் போகத் தொடங்கின நாளிலையிருந்து எனக்கு ஒரு யோசினை இருந்ததுதான். தம்பி கடலுக்குப் போறவன், ஒண்டும் அறியான். ஆரடி ஆள்?"

"அக்கா, வாயை மூடு" என்று றஜிதா மச்சாளை அதட்டினார் அத்தான். ஆனால் அவரின் முகம் வெளிறிப்போயிருந்தது. "ஜெசி, என்னெண்டாலும் சொல்லு."

அக்கா திடீரென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "ஐயோ மச்சாள், ஆளெண்டால்கூட எனக்கு இவ்வளவு வெட்கமில்லையே!"

அந்த நேரம் டொக்டர் பத்மாசினி விறாந்தையால் வந்தார். இன்றைய பரிசோதனையிலும் இறக்கம்தான், இனிப் பொறுக்க ஏலாது, இரத்தச் சுத்திகரிப்பைத் தொடங்கப்போகிறோம் என்று சொல்லத்தான் வந்திருந்தார். அவர் வாயைத் திறக்குமுன் அக்கா கைப்பையைத் திறந்து தலைகீழாக, சுவரோரம் இருந்த வாங்குப் பலகையில் கொட்டினாள். செபமாலை, சீப்பு, கைலேஞ்சி, ஓட்டை விழுந்த செம்மஞ்சள் குளிசை அட்டை.

"டொக்டர், நான் பொய் சொன்னனான்."

டொக்டர் அட்டையை எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தார். "இந்தக் குளிசையை எப்ப குடுத்தனீங்கள்?"

"முதல்நன்மையண்டு காலமை. சப்பாத்துப் போட. பிறகு மத்தியானம்." மூச்சை இழுத்தாள். "காய்ச்சலும் அதுக்கு முதல்நாளே வந்திட்டுது. அண்டைக்கு முழுக்கப் பிள்ளை தண்ணியும் குடிக்கேல்லை. நான்தான் விடேல்லை. நன்மைக்காக."

"பிறகு?"

"இஞ்சை வந்தும். திரையை இழுத்துப்போட்டு."

"இஞ்சையோ? எப்ப?"

"இண்டைக்கு விடியவும்."

டொக்டர் வாங்கில் இருந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அக்காவுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் ஓடிப்போய் நேர்ஸிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். இந்தக் குளிசை நோவைக் குறைக்கிற அதே வழியால் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தையும் குறைக்கும். நல்ல சுகமாயிருக்கிற ஒருவர் எப்போதாவது ஒன்று போட்டால் பெரும்பாலும் உடம்பு சமாளித்துக்கொள்ளும். கிருமி இரத்தத்தில் ஏறிய பிள்ளை, தண்ணீரும் இல்லை, சத்தியும் எடுத்திருக்கிறாள். ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்த சிறுநீரகத்துக்கு அது தாங்காது. "இப்பவாவது சொன்னியள். சொல்லாட்டில் நாளைக்கும் குடுத்திருப்பியள்."

"அப்ப எல்லாம் என்னாலையோ டொக்டர்?"

"கிருமிதான் முதல் காரணம். குளிசை இல்லாமலும் இப்பிடி வந்திருக்கலாம். உது அதுக்கு மேலாலை."

"எவ்வளவு என்னாலை? எவ்வளவு கிருமியாலை?"

"அப்பிடிப் பிரிச்சுச் சொல்ல ஏலாதம்மா."

ஓரளவு என்று ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று அப்போது டொக்டர்மீது எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர் உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அளவு தெரியாத குற்றத்தை ஒருவர் எப்படிச் சுமப்பது, எங்கே இறக்கி வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அன்றே பிள்ளையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரிப்பைத் தொடங்கினார்கள். கழுத்தில் குழாய். பக்கத்தில் இரைகிற இயந்திரம். அக்கா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்தாள். வாங்கு இருந்தது, அதில் இருக்கமாட்டேன் என்றாள். அத்தான் அவளோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுப் பார்சலை என் கையில் தந்து, "உன்ரை அக்காட்டைக் குடு" என்று மட்டும் சொல்வார். றஜிதா மச்சாளோ வந்தவர் போனவர் எல்லோருக்கும் கதை சொன்னார். முதலில் ஆத்திரத்தோடு. பிறகு ஆத்திரம் குறைந்தது. ஒருநாள் சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தி, "கோயிலை விலைக்கு வாங்கினவள் மாதிரி எண்டு சொன்னது நான்தானே" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை ஒருவருக்கும் சொன்னதை நான் கேட்கவில்லை.

சில தரம் சுத்திகரிப்புச் செய்தபின் பிள்ளையைத் திரும்ப வாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். குழாய்கள் எடுத்தாகிவிட்டது. இனித் தானாகச் சிறுநீர் போகவேண்டும், போனால் அளந்து பார்க்கவேண்டும், போகாவிட்டால் திரும்பவும் இயந்திரம். அக்கா பிள்ளையின் முகத்தையே பார்த்தபடி இருந்தாள். பார்வையாளர் நேரம், வாட் நிறையச் சனம். நான் ஏதோ வாங்க வெளியே போய்த் திரும்பி வந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

"மிஸ்! மிஸ்! மூத்திரம் போட்டாள்! என்ரை பிள்ளை மூத்திரம் போட்டாள்!"

என் அக்கா பெட்பானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாட்டின் நடுவால் வந்துகொண்டிருந்தாள். சனம் விலகியது. ஒரு வயதான மனிதர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்.

"எடி, மூடிக்கொண்டு போடி, சனம் பார்க்குது!" என்றார் றஜிதா மச்சாள்.

"பார்க்கட்டும்! வடிவாப் பார்க்கட்டும்! மஞ்சள் நிறம், மச்சாள், வந்து பாருங்கோ!"

"அக்கா, மெதுவா. இவன் இப்பத்தான் நித்திரையானவன்" என்றாள் கஜந்தினி. குழந்தை எழும்பி வீரிட்டது. அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சிரிக்கத் தொடங்கினாள். அத்தான் வந்து பெட்பானுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "ஊத்திப்போடாதை" என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் அவளோடு கதைத்த முதல் சொல் அதுதான்.

ஜெனோஷா வீட்டுக்கு வந்துவிட்டாள். மாதத்துக்கு ஒரு தரம் இரத்தமும் சிறுநீரும் பார்க்கவேண்டும், அழுத்தம் பார்க்கவேண்டும். முழுதாகத் திரும்பும் என்று நம்பலாம், ஆனால் சில வருஷங்களுக்குக் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது டொக்டரின் சொல். ஒவ்வொரு தரமும் முடிவு வரும்வரை அக்கா சாப்பிடுவதில்லை. இந்த உபவாசத்துக்கு எந்தக் கோயில் ஒழுங்கும் இல்லை.

அவள் திரும்பக் கொம்பனிக்குப் போகிறாள். அங்கே இன்னும் அட்டை கைக்குக் கை போகிறது. அவள் வாங்குவதில்லை. பின்னேரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கேட்கிறவர்களிடம் வயிற்றெரிவு என்று சொல்லிவிடுகிறாள்.

"சொல்லன் அக்கா. அவையின்ரை வீட்டிலையும் பிள்ளையள் இருக்குத்தானே."

"வாய் வருகுதில்லை." இடுப்பைத் தடவியபடி, "நீ எழுது. நான் சொல்லமாட்டன், நீ எழுது. அவளவை வாசிப்பினம்" என்றாள்.

"பேரை மாத்தட்டே?"

"மாத்தினால் ஆரோ எவளோ எண்டு நினைச்சுப்போட்டு விட்டிடுவினம்."

போன கிழமை படப்பிடிப்பாளர் சட்டம் போட்ட படத்தைக் கொண்டுவந்து தந்தார். வெள்ளைச் சட்டை, பூமுடி, மெழுகுதிரி. பீடத்தை நோக்கி நடந்து வருகிற படம். அக்கா அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டப் பார்த்தாள். பிள்ளை விடவில்லை. கதிரையில் ஏறி நின்று, அத்தானைக் கொண்டு ஆணி அடிப்பித்து, வாசலால் வருகிறவர்களுக்கு முதலில் தெரியும்படி மாட்டிவிட்டாள். நான் போனபோது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

"பாருங்கோ சின்னம்மா. இந்தக் கால்தான். நான் கொஞ்சமும் நொண்டேல்லை. ஒருதருக்கும் தெரியேல்லை."

"ஓம் குஞ்சு."

"அழவும் இல்லை. அம்மாட்டைக் கேளுங்கோ. என்னம்மா?"

குசினிக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"ஓம் பிள்ளை" என்று அக்காவின் குரல் மட்டும் வந்தது. "நீ அழேல்லை."

"இஞ்சை வந்து பாருங்கோவன் அம்மா!"

தண்ணீர் திரும்ப ஓடத் தொடங்கியது. அக்கா வெளியே வரவில்லை.